சேலத்தில் நின்று கை நீட்டினால் எட்டுகிற விஞ்ஞானிகள்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்குப் பள்ளிக் கண்காட்சியில் ‘இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த விஞ்ஞானிகள், பொறியாளர்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ராமன், கலாம் படங்களை எல்லாப் பிள்ளைகளும் ஒட்டிவிடுவார்கள், வேறு யாரைச் சொல்லலாம், நம் சேலத்துக்காரர் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெருமைக்காக யாரையும் இழுத்துவந்து சேலத்துக்காரர் ஆக்க வேண்டாம். தாத்தா ஆத்தூரில் தாசில்தாராக இருந்தார், அத்தை செவ்வாய்ப்பேட்டையில் வாக்கப்பட்டார் என்று உறவு கொண்டாடுவது கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. மாறாக, சேலத்திலும் ஏற்காட்டிலும் கைக்கு எட்டுகிற பொருள் ஒவ்வொன்றாக எடுங்கள். கல், கம்பி, மழை, கரும்பு, கிழங்கு. அதே மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் யார் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று தேடுங்கள். ஆள் தானாக வந்து நிற்பார். கண்காட்சி அட்டைகளில் பிறப்பு, இறப்பு, விருது மூன்றையும் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த மனிதர் காலையில் போய் உட்கார்ந்து கையில் எதை எடுத்தார் என்று ஒரு அட்டைகூடச் சொல்வதில்லை.

கஞ்சமலையிலிருந்து தொடங்குகிறேன். சித்தர் கோவிலுக்குப் போகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். மழை பெய்து ஓய்ந்தபின் ஓடைத் தடத்தில் கருப்பாக வரிவரியாக மணல் ஒதுங்கியிருக்கும். காந்தத்தைக் காட்டினால் மீசை முளைத்தாற்போல் அப்பிக்கொள்ளும். அது மேக்னடைட், இரும்புத் தாது. சேலம் உருக்காலைப் பேச்சுக்கே மூலகாரணம் இந்த மலைதான். 1970-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கதைக்குள் நான் போகவில்லை.

இப்போது கே.எஸ்.கிருஷ்ணனுக்கு வாருங்கள். 1898-ல் வத்திராயிருப்புப் பக்கம் பிறந்தவர். ராமனோடு சேர்ந்து 1928-ல் ஒளிச்சிதறலைக் கண்டவர் என்ற அளவில் ஒரு வரி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது என்று ஆதங்கப்பட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். எனக்கு அவர் அதற்குப் பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

கஞ்சமலை மணல் காந்தத்துக்குப் பாய்ந்து வரும். உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் அப்படி வருவதில்லை. காந்தம் அவற்றைத் தொடவே தொடாது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் எல்லாப் பொருளுக்கும் மிக மிக மெல்லிய ஒரு பதில் உண்டு. படிகமாக இருந்தால் அந்தப் பதில் ஒரு திசையில் கொஞ்சம் கூடவும் இன்னொரு திசையில் கொஞ்சம் குறையவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை அளந்தால் படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று சொல்லலாம். எப்படி அளப்பது? கிருஷ்ணன் சிறு படிகத்தைக் குவார்ட்ஸ் இழையின் நுனியில் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். கண்ணுக்குத் தெரிவதே அரிதான இழை. மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். படிகம் தன் திசையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விலகும், 45 டிகிரி விலகியதும் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கணம் வரை எத்தனை சுற்று முறுக்கினோம் என்பதுதான் கணக்கு. அதிலிருந்து படிகத்தின் காந்தக் குணம் எண்ணாக வெளியே வரும்.

இதை உங்கள் மகள் மேசையில் செய்து காட்டலாம். இரண்டு காந்தங்களை எதிரெதிரே வைத்து, நடுவே ஒரு குட்டிக் காந்தத்தை மெல்லிய நூலில் தொங்கவிட்டு, நூலின் மேல்நுனியை முறுக்கச் சொல்லுங்கள். பிடிவாதமாக நிற்கும், பிறகு திடீரென்று புரளும். திரும்புகிற கோணம் படிகத்துக்கும் இந்தப் பொம்மைக்கும் ஒன்றல்ல. நடுவர்களில் இயற்பியல் தெரிந்தவர் யாராவது இருந்து கேட்டால் அதை ஒப்புக்கொண்டுவிடட்டும். 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டவர் இந்த நூல் முறுக்கியவர்தான்.

கிருஷ்ணன் என்றால் இன்னொருவரும் இருக்கிறார், பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். எம்.எஸ்.கிருஷ்ணன், நிலவியல்காரர். அவரும் 1898-ல் பிறந்தவர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கியது; அதற்கு ஒரு இந்தியர் இயக்குநராக வந்தது 1951-ல், அவர் இவர். நூறு வருஷம் ஆகியிருக்கிறது. நம் ஊரில் அவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் இறங்கிப் பாறை வெட்டைப் பாருங்கள். எண்ணெய் தடவினாற்போல் மின்னும் கரும்பச்சைக் கல் சார்னகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இதே இனம் என்பதால் அந்தப் பெயர். இது உருகி உறைந்த பாறையா, பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையா என்று அறிஞர்கள் பத்தாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். மலைக்குக் கீழே வந்தால் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுச் சுரங்கங்களின் வெள்ளைக் குவியல்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணக்கல் மலை என்று பெயரிட்டு எழுதிவைத்தார்கள். சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். மேக்னசைட் கட்டியில் விட்டால் சும்மா இருக்கும், பொடித்துச் சூடாக்கினால்தான் பொங்கும். பள்ளி ஆய்வகத்தில் ஐந்து நிமிட வேலை, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது மேட்டூர். அங்கே நான் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணை 1934-ல் திறந்தது. பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். ஸ்டான்லி அப்போதைய கவர்னர். திட்டம் வகுத்த பொறியாளர் கர்னல் எல்லிஸின் பெயர் உபரி நீர் போகிற மதகுக்குக் கிடைத்தது. அதையும் நம் மக்கள் ‘16 கண் பாலம்’ என்று எண்ணிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1937-ல் அணையடி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த நாள் முதல் மேட்டூரிலிருந்து கம்பிகள் கிளம்பித் திசைக்கொன்றாகப் போகின்றன. நான் சேர்ந்த காலத்தில் என் மேலதிகாரி தோல் உறையில் போட்ட ஸ்லைடு ரூல் என்ற கணக்குப் போடும் அளவுகோல் ஒன்றை இடுப்பில் கத்தி மாதிரி செருகியிருப்பார். கால்குலேட்டர் வந்தபிறகும் அதை விடவில்லை. அதைக் கடன் கேட்பதும் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கடன் கேட்பதும் ஒன்று.

அந்தக் கோபுரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருகிறவர் ஏ.லலிதா. அவர் மேட்டூருக்கு வேலை செய்தார் என்று சொல்லவில்லை. அவர் வேலை பக்ரா நங்கல் அணைக்கு. ஆனால் செய்தது இதே வேலை: மின்கடத்துக் கம்பித் தடங்களின் வடிவமைப்பு, துணைமின் நிலையத்தில் எந்தக் கருவி எங்கே நிற்க வேண்டும் என்ற வரைபடம்.

1919-ல் பிறந்தார். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அதற்கப்புறம் ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று என் பாட்டியைப் பார்த்தவனுக்குத் தெரியும். லலிதாவின் அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். பெண்களே இல்லாத கல்லூரி. ஒரு பெண் சேர்ந்ததைப் பார்த்து தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இன்னும் இருவர் கட்டடப் பொறியியலுக்கு வந்தார்கள். லலிதா 1943-ல் படிப்பை முடித்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள்; ‘அவன்’ என்பதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் ஒட்ட ஒரே ஒரு படம் வேண்டும் என்றால் அந்த அடித்தலைத்தான் நான் ஒட்டுவேன். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் ஒரு வேலை, பிறகு கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவு. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தபோது போய்வந்தார். 1979-ல் காலமானார். தெரசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

கம்பித்தடம் வடிவமைப்பதில் என்ன பெரிய கணக்கு என்று கேட்பார்கள். மேட்டூர் சாலையில் போகும்போது சித்திரை மத்தியானம் ஒரு முறையும் மார்கழி விடியற்காலை ஒரு முறையும் அதே இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பியைப் பாருங்கள். வெயிலில் நீண்டு தொய்ந்திருக்கும், பனியில் இழுத்துப் பிடித்திருக்கும். மிகச் சூடான நாளில் கீழே போகிற கரும்பு லாரியைத் தொடக் கூடாது, மிகக் குளிர்ந்த நாளில் கோபுரத்தைப் பிடுங்கக் கூடாது. காற்று எவ்வளவு தள்ளும் என்பது தனி. ஒவ்வொரு இடைவெளிக்கும் இதைக் கையால் போட வேண்டும். மின்னழுத்தத்தை ஏன் அத்தனை ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றுகிறார்கள் என்பதற்கு உங்கள் மகளுக்கு ஒரே கணக்குப் போதும்: அதே மின்திறனை இரண்டு மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் சூடாகி வீணாவது நாலில் ஒரு பங்காகும். கோபுரத்தில் எத்தனை வோல்ட் என்று அறியப் பீங்கான் தட்டுகளை எண்ணலாம். 110 ஆயிரம் வோல்ட் என்றால் பொதுவாக 7 முதல் 9 வரை இருக்கும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நான் இன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் போகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இனி மலைமேல். என் பெரியப்பா மகனுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம், பெரிதில்லை. அலுவலக அறைக்கு வெளியே ஒரு மழைமானி. தினமும் காலை 8:30-க்கு ரைட்டர் அதைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவைக்குள் ஊற்றி, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து, வளைந்த மட்டத்தின் அடிப்பகுதியைப் படித்து, பேரேட்டில் எழுதுவார். பழைய பேரேடுகளில் இஞ்சும் சென்ட்டும்தான்; சென்ட் என்றால் இஞ்சில் நூறில் ஒரு பங்கு. ‘இரண்டு இஞ்சு நாற்பது சென்ட்’ என்று இன்னும் அப்படியே பேசுகிற கிழவர்கள் மலையில் உண்டு. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த ஒரு மழைக்காகத் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையைச் சொல்லி மாளாது.

ஒரு வருஷம் எங்கள் மழைமானி மட்டும் பக்கத்துத் தோட்டத்தைவிடக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. கருவியில் கோளாறு என்று கருவியை மாற்றப் பார்த்தார்கள். பார்த்தால், நட்டுவைத்த சவுக்கு மரம் வளர்ந்து மேலே கை விரித்திருக்கிறது. மழைமானியை வெட்டவெளிக்கு நகர்த்தினோம், சரியாகிவிட்டது. அதற்கு முந்தைய நாலைந்து வருஷப் பேரேடு என்ன மதிப்பு பெறும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

தப்பான அளவைவிட அளவே எடுக்காமல் இருப்பது மேல் என்று நினைத்த ஒருவர் உண்டு, அன்னா மாணி. இவரும் மலைக்காரர்தான், பீர்மேட்டில் 1918-ல் பிறந்தார். அப்பாவுக்கு ஏலக்காய்த் தோட்டங்கள். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம் கலைக்களஞ்சியத் தொகுதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் பிற்பாடு பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை வைரங்களை ஆராய்வது. ஒரு நிறமாலைப் படம் பதிய 15, 20 மணி நேரம் ஆகும், ஆய்வகத்திலேயே படுத்துக்கொள்வார். அத்தனையும் செய்து ஆய்வேடு கொடுத்தால், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்கிறார்கள். எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது.

1945-ல் இயற்பியல் படிக்க லண்டன் போனார். உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்குத்தான் கிடைத்தது, அதையே எடுத்துக்கொண்டார். 1948-ல் திரும்பிவந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை சாதாரணக் கருவிகளும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்யவைத்தார். ஒரு கருவி ஒரு ஊரில் காட்டுவதையும் இன்னொரு கருவி இன்னொரு ஊரில் காட்டுவதையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். பட்டறை ஆட்களோடு நின்று அதைச் சாதிப்பது வெளியே தெரியாத வேலை. 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். இன்று வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போடுகிறவர்கள் அந்த அளவுகளின் வாரிசுகள்.

மழைமானியும் மேசையில் வைக்கலாம். 10 செ.மீ. விட்டமுள்ள புனல், 2 செ.மீ. விட்டமுள்ள குழாய். பரப்பு 25 மடங்கு வித்தியாசம். ஆகவே 1 மி.மீ. மழை குழாயில் 25 மி.மீ. உயரமாக நிற்கும், கண்ணாடி போடாத நடுவருக்கும் தெரியும்.

ஏற்காட்டை விட்டு இறங்குமுன் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 1963-ல் தொடங்கியது. மேகாலயாவிலிருந்து வந்த, பூச்சி தின்னும் குடுவைச் செடி அங்கே உண்டு. பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் அந்தத் துறையைச் சீரமைக்க நேரு அழைத்துவந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் முனைவரானவர். 1934 முதல் ஐந்தாண்டு கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் இருந்தார். நம் விவசாயிகள் ‘86032’ என்று எண் சொல்லிக் கரும்பு கேட்கிறார்களே, அதற்கு முன்னால் வருகிற ‘கோ’ கோயம்புத்தூர்தான். இனிப்பான தடிக்கரும்பையும் ஆற்றோரத்துப் பேய்க்கரும்பையும் கலந்து, இனிப்பும் தாக்குப்பிடிக்கும் குணமும் சேர்ந்த கரும்பு உண்டாக்கிய இடம் அது. ஜானகி அங்கே கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்தார். நுண்ணோக்கியில் குனிந்து குரோமோசோம் எண்ணுவது அவர் தொழில். தடிக்கரும்பில் 80; பேய்க்கரும்பில் இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை ஓடும். 1945-ல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி டார்லிங்டன் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து வெளியிட்டார். எண்ணிப் பார்க்க ஆசை வந்தால் வெங்காய வேர்நுனி போதும், அதில் 16-தான். செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து ஒரு அச்சு வெல்லமும் பக்கத்தில் வையுங்கள்.

ஜி.என்.ராமச்சந்திரனை நான் விட்டுவிட்டேன் என்று யாராவது சொல்வார்கள். விடவில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, 1954-55-ல் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று காட்டியவர். பெரிய மனிதர். ஆனால் சேலத்துப் பொருள் எதையும் அவரோடு முடிச்சுப்போட எனக்கு வரவில்லை. மூன்று நூலைப் பின்னிக் காட்ட விருப்பமிருந்தால் வையுங்கள். ஜி.டி.நாயுடுவைக் கோயம்புத்தூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே சேலத்துப் பதில் ஒன்று வேண்டுமென்றால் அது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து நம் கிழங்கிலேயே ஜவ்வரிசி செய்துபார்த்தார்கள். கிழங்கை நசுக்கி, துணியில் வடிகட்டி, தொட்டியில் மாவைத் தெளியவிட்டு, ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டி, தட்டில் வறுத்தார்கள். வறுக்கும்போது முத்தின் வெளிப்புறம் மட்டும் வெந்து ஓடு பிடிக்கிறது, அதனால்தான் உதிர்வதில்லை. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற பொறிமுறை தெரிந்தவர் கிழங்கு அரைக்கும் இயந்திரங்களைச் சீர்செய்தார். ஆத்தூர் சாலையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் காய்கிற களங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இவர்களை விஞ்ஞானி, பொறியாளர் என்ற தலைப்பின்கீழ் வைக்கலாமா என்று பள்ளியில் கேட்டால், வைக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கஞ்சமலை மணல் என்னிடம் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது, போன ஐப்பசியில் அள்ளியது. வேண்டுமானால் தருகிறேன். ஆனால் காந்தத்தை நேராக மணலில் விடச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி விட்டால்தான் மணல் பிரிந்து வரும். நான் சுற்றாமல் விட்ட காந்தம் ஒன்று இன்னும் மீசையோடு அலமாரியில் கிடக்கிறது.